மஜ்லிஸின் இடைநிலை அதிகாரி: லோங்காங் அடைப்புக்கும் கையெழுத்துக்கும் நடுவே

லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், நிறைந்து தண்ணீர் ரோட்டுக்கு ஏறிய மறுநாள் காலையில் மலேசியாவில் எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான். "ஒய்பிகிட்ட சொல்லுங்க" என்பார் ஒருவர், தொகுதி உறுப்பினரைத்தான் அப்படிச் சொல்வார்கள். "கவுன்சிலருக்கு வாட்ஸ்அப் போட்டாச்சு, நீல டிக்கும் விழுந்துருச்சு, ஆளக் காணோம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "மஜ்லிஸ்காரன் எல்லாம் ஏர்கோன்ல தூங்குறான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். மஜ்லிஸ் என்றால் ஊராட்சி மன்றம்.

இவ்வளவு பேச்சிலும் ஒருவர் மட்டும் வருவதே இல்லை. அந்த லோங்காங்கைத் திறக்க ஆள் அனுப்பப்போகிறவர், அதற்கான தாளை எழுதப்போகிறவர், வேலை முடிந்ததா என்று பூட்ஸ் காலோடு வந்து பார்க்கப்போகிறவர். அவர் ஒய்பியும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, மண்வெட்டி பிடிப்பவரும் இல்லை. நடுவில் இருப்பவர். அவருடைய வேலை என்ன, அது கடந்த முப்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மஜ்லிஸில் வேலை செய்த அனுபவம் தேவையில்லை. தோட்டத்தில், அதாவது எஸ்டேட்டில், ஒரு தாத்தா பாட்டி இருந்திருந்தால் போதும்.

தோட்டத்தில் யார் நடுவில் நின்றார்?

விடிவதற்கு முன் பெரட்டு. பெரட்டுக் களத்தில் ஆள் கூடியதும் மண்டோர் என்ற மேஸ்திரி பேர் எடுப்பார், யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்புவார். மேலே பங்களாவில் துரை, அவருக்குக் கீழே சின்னத் துரை. இந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் ஒருவர் சைக்கிளிலோ மோட்டாரிலோ சுற்றிக்கொண்டிருப்பார். கண்டக்டர் என்பார்கள். ஆபீசுக்குள் இருந்தால் கிராணி.

துரை ஒரு நாளும் மரத்துக்கு மரம் போய்ப் பார்க்க முடியாது. மண்டோருக்குத் தோட்டத்தின் மொத்தக் கணக்கு தெரியாது. கண்டக்டருக்கு இரண்டிலும் பாதி பாதி தெரியும். "இந்த மாதம் இவ்வளவு வேண்டும்" என்று துரை சொன்னால், எத்தனை ஆள், எந்தக் காடு, எத்தனை நாள் என்று மண்டோருக்குப் புரிகிற கணக்காக அதை மாற்றுவது அவர் வேலை. கீழே இருந்து "அந்தப் பள்ளத்துக் காட்டில் தண்ணீர் நிற்குது, ஆள் இறங்க மாட்டேங்குது" என்று சேதி வந்தால், துரை காது கொடுத்துக் கேட்கிற மாதிரி அதை ஆபீஸ் பாஷையில் மேலே கொண்டுபோவதும் அவர்தான். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதும் அவரேதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலே முடிவெடுப்பவருக்கும் கீழே வேலையைச் செய்பவருக்கும் நடுவில் நின்று, முடிவை வேலையாகவும் வேலையில் கண்டதை முடிவுக்கான தகவலாகவும் மாற்றுகிறவர்: இவரைத்தான் இனி இடைநிலை அதிகாரி என்று சொல்லப்போகிறேன்.

மஜ்லிஸில் யார் யார்?

இங்கேதான் ஒட்டுக்கடைப் பேச்சு குழம்புகிறது. மலேசியாவில் அரசாங்கம் மூன்று அடுக்கு: மத்தியம், மாநிலம், அதற்குக் கீழே ஊராட்சி மன்றம். ஊர்ப் பகுதியின் குப்பை, லோங்காங், கடை லைசென்ஸ், தெருவிளக்கு, கட்டட அனுமதி ஆகியவற்றைப் பார்க்கும் அமைப்பு இது. பெரிய நகரமென்றால் மாநகர் மன்றம், நடுத்தர ஊரென்றால் நகராண்மைக் கழகம், சிறிய ஊர்களும் தோட்டங்களும் கலந்த பகுதியென்றால் மாவட்ட மன்றம். நாடு முழுவதும் 150க்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து மக்கள் சொல்வது "மஜ்லிஸ்". நானும் அப்படியே சொல்கிறேன்.

மஜ்லிஸை நடத்தும் முதன்மைச் சட்டம் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், 171ஆம் எண் சட்டம். அதன்படி மஜ்லிஸின் தலைவரோடு குறைந்தது 8, அதிகபட்சம் 24 மன்ற உறுப்பினர்கள் இருப்பார்கள். கவுன்சிலர் என்று நாம் கூப்பிடுவது இவர்களைத்தான். இவர்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது, 1976 சட்டத்துக்குப் பிறகு மாநில அரசு நியமிப்பதே வழக்கம். ஒய்பி என்றால் சட்டமன்ற உறுப்பினர் அல்லது நாடாளுமன்ற உறுப்பினர். அவர் நாம் ஓட்டுப் போட்டவர்தான், ஆனால் மஜ்லிஸின் சம்பள ஊழியர் அல்லர். அவர் மஜ்லிஸுக்குக் கடிதம் எழுதலாம், கூட்டத்தில் கேட்கலாம், தன் ஒதுக்கீட்டிலிருந்து பணமும் கொடுக்கலாம். மஜ்லிஸின் லாரியை மட்டும் அனுப்ப முடியாது.

லாரியை அனுப்புவது அதிகாரிகள் பக்கம். யாங் டிபெர்துவா என்ற தலைவர், செயலாளர், துறை இயக்குநர்கள் மேலே. கள ஊழியர், அமலாக்கப் பணியாளர், முகப்பு எழுத்தர் கீழே. நடுவில் உதவி இயக்குநர், யூனிட் தலைவர், உதவிப் பொறியாளர், உதவிச் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி போன்றவர்கள். சிறிய மாவட்ட மன்றத்தில் ஒரே ஆள் மூன்று யூனிட்டுக்குத் தலைவராக இருப்பதும் உண்டு. அரசாங்க வேலைக்குப் படிக்கிறவர்கள் "41 கிரேடு, 44 கிரேடு" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 2024 டிசம்பர் 1 முதல் சம்பள முறை மாறியதால் பழைய 41 இப்போது 9 ஆகிவிட்டது. ஆனால் கிரேடு எண்ணை மட்டும் வைத்து யார் இடைநிலை என்று சொல்ல முடியாது. ஆள் குறைவான மஜ்லிஸில் அதற்குக் கீழ் கிரேடில் இருக்கும் உதவிப் பொறியாளரும் இதே வேலையைத்தான் செய்கிறார்.

இதுவரை: ஒய்பி நாம் தேர்ந்தெடுத்தவர், கவுன்சிலர் மாநிலம் நியமித்தவர், அதிகாரி சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். அந்த அதிகாரிகளில் நடுத்தட்டில் இருப்பவரே நம் கதாநாயகர்.

முன்பு: கோப்பும் முத்திரையும்

பழைய காலத்து இடைநிலை அதிகாரியின் வேலையை ஒரு மேசைக்குள் அடக்கிவிடலாம். கோப்பு வரும், ஓரத்தில் குறிப்பு எழுதுவார், மேலே அனுப்புவார். மேலிருந்து வந்தால் கீழே அனுப்புவார். தோட்டத்துச் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) போல ஆள் கணக்கு, லாரிக் கணக்கு, மாத அறிக்கை. விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தால் நல்ல அதிகாரி.

1993இல் அரசு அலுவலகங்களுக்கு வாடிக்கையாளர் சாசனம் வந்தது. "இந்த வேலை இத்தனை நாளில் முடியும்" என்று சுவரில் எழுதித் தொங்கவிடும் வாக்குறுதி அது. 1996இல் ஐஎஸ்ஓ தரமுறை அரசுத் துறைக்குள் நுழைந்தது. அப்போதுதான் கோப்பை நகர்த்துவதோடு அது எத்தனை நாள் எடுத்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை நடுவில் இருப்பவருக்கு வந்தது. சிறிய மாற்றமாகத்தான் தெரியும். ஆனால் கடிகாரம் மேசைக்கு வந்துவிட்டது.

தோட்டம் தாமானாக மாறியபோது

எங்களைப் போன்ற ஊர்களில் பெரிய மாற்றம் வேறொரு வழியில் வந்தது என்பது என் கருத்து. தோட்டத்துக்குள் இருந்தவரை லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) லோங்காங்கைக் கழுவுவதும் குப்பை எடுப்பதும் தண்ணீர்க் குழாயும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்ச வசதிகளுக்கென்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டமே இருக்கிறது. குறை என்றால் மண்டோரிடம் சொல்வோம், அவர் கண்டக்டரிடம், அவர் துரையிடம்.

பிறகு காடுகள் விற்கப்பட்டன, லயம் இடிந்தது, சனம் மலிவு விலைத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிபெயர்ந்தது. முதன்முதலாக வீட்டுக்கு மதிப்பீட்டு வரி பில் வந்தது. சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டு மஜ்லிஸ் வாங்கும் வரி இது. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும். (நிலவரி வேறு. அது மாநிலத்தின் நில அலுவலகத்துக்குப் போகிறது. ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றும் முடிந்தது என்று நினைத்து அபராதம் வாங்கியவர்கள் என் குடும்பத்திலேயே உண்டு.)

வரி கட்டுகிறவர் கேள்வி கேட்பார். தோட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு துரைக்கு முன் நின்ற பாட்டி, இப்போது பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு முகப்பில் நின்று, "வருசத்துக்கு ரெண்டு வாட்டி கட்றேன் தம்பி, என் வீட்டு முன்னால விளக்கு ஏன் எரியல?" என்று கேட்கிறார். பதில் சொல்ல முகப்பு எழுத்தருக்குத் தெரியாது. இயக்குநர் கூட்டத்தில் இருப்பார். ஆகக் கூப்பிடப்படுபவர் யூனிட் தலைவர்.

புகார் வரும் வழியும் பெருகியது. முன்பு கடிதம். இப்போது தொலைபேசி, மின்னஞ்சல், முகநூல், வாட்ஸ்அப், அரசாங்கத்தின் சிஸ்பா எனப்படும் கணினிப் புகார்ப் பதிவேடு. ஒரே குழிக்கு ஐந்து வழியில் ஐந்து புகார். அது ஐந்து பிரச்சினையா ஒன்றா என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

ஒரு லோங்காங்கின் கதை

மாற்றம் என்று பொதுவாகச் சொன்னால் புரியாது. கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எங்கள் மாதிரி ஊர் ஒன்று. இரண்டு வரிசைக் கடை, பின்னால் சந்து, சந்தில் ஒரு லோங்காங். மழை பெய்தால் நிரம்புகிறது. உதவிப் பொறியாளரான ஒரு பெண் போய்ப் பார்க்கிறார்.

முதல் பத்து மீட்டரில் சோறும் எண்ணெய்ப் பிசுக்கும் கட்டியாக உறைந்திருக்கிறது. அது உணவுக்கடைகளின் வேலை. எண்ணெயைத் தடுத்து வைக்கும் தொட்டியை அவர்கள் கழுவவில்லை. இதைக் கேட்க வேண்டியது மஜ்லிஸின் சுகாதாரத் துறையும் லைசென்ஸ் பிரிவும். அவருடைய துறை அல்ல.

கொஞ்சம் தள்ளி லோங்காங் சுத்தமாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் ஓடவில்லை. ஏனென்றால் முன்னால் பெரிய ரோட்டுக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாய் பாதிக்கு மேல் மண். அந்த ரோடு மாநில ரோடு, பொதுப்பணித் துறையான ஜேகேஆர் பராமரிப்பது. மஜ்லிஸ் தன் பணத்தில் அதைத் தோண்ட முடியாது.

மண் எங்கிருந்து வந்தது? ரோட்டைத் தாண்டிப் பார்த்தால் மேட்டில் செம்பனைத் தோட்டம் மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்திருக்கிறது. மண்ணைப் பிடித்து வைக்கும் மூடு செடி இன்னும் வேர் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் சிவப்பு மண் கரைந்து இறங்குகிறது. அது தனியார் நிலம். தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் ஆறோ வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ் பொறுப்பு.

ஒட்டுக்கடையில் நாம் பார்த்தது ஓர் அடைப்பு. அவர் கையில் இருப்பதோ நான்கு சொந்தக்காரர்கள் உள்ள அடைப்பு. பழைய முறையில் என்றால் "எங்கள் துறைக்கு உட்பட்டதல்ல" என்று மூன்று கடிதம் எழுதி கோப்பை மூடலாம். விதிப்படி அது தப்பும் அல்ல.

புதிய இடைநிலை அதிகாரி செய்வது வேறு. படம் எடுக்கிறார், ஒரு வரைபடத்தில் நான்கு இடத்தையும் குறிக்கிறார். சுகாதாரத் துறையில் தன் தரத்தில் இருக்கும் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு, கடைகளுக்கு நோட்டீஸ் போடும் தேதியைப் பேசி வைக்கிறார். மாவட்ட ஜேகேஆரில் தெரிந்தவருக்கு போன். தோட்டத்துச் சின்னத் துரையை நேரில் பார்த்து மண் தடுப்புக் குழி வெட்டச் சொல்கிறார். சட்டப்படி கட்டாயப்படுத்தும் கடிதம் பிறகு, முதலில் தேநீர். கோவில் கமிட்டிக்காரர்களிடம் திருவிழா எப்போது என்று கேட்டு, அதற்கு முன் வேலை முடிகிற மாதிரி நாள் குறிக்கிறார். கடைசியில் தன் இயக்குநருக்கு இரண்டு பக்கத் தாள்: என்ன செலவு, எது நம் பணம், எது நம் பணம் அல்ல, இந்த மாதம் என்ன முடியும், அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் என்ன கேட்க வேண்டும்.

இதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு: தனக்குக் கட்டளையிட அதிகாரம் இல்லாதவர்களையும் ஒரே வேலைக்கு ஒரே நேரத்தில் கொண்டுவருவது. தோட்டத்துக் கண்டக்டர் ஒப்புமை இந்த இடத்தில் உடைகிறது. கண்டக்டருக்கு வேலை மேலும் கீழும்தான். இவருக்குப் பக்கவாட்டிலும் வேலை, வேலிக்கு வெளியேயும் வேலை.

சுருக்கமாக: முன்பு கோப்பை நகர்த்தினார், பிறகு நாள் கணக்குக்குப் பதில் சொன்னார், இப்போது பல பேரைச் சேர்த்து ஒரு பிரச்சினையை முடிக்கிறார். பழைய இரண்டு வேலையும் போய்விடவில்லை. புதியது அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என்ன திறமை வேண்டும்?

முதலாவது, குத்தகையாளரை மேய்ப்பது. முன்பு மஜ்லிஸின் சொந்த ஆட்கள் புல் வெட்டினார்கள். இப்போது பல வேலைகள் குத்தகைக்குப் போகின்றன. ஜொகூர், பஹாங், நெகிரி செம்பிலான், கெடா போன்ற மாநிலங்களில் 2011 செப்டம்பர் முதல் குப்பை சேகரிப்பே மத்தியச் சட்டத்தின் கீழ் போய்விட்டது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. எந்த மாநிலமானாலும் குப்பை கிடந்தால் சனம் திட்டுவது மஜ்லிஸைத்தான். ஆகவே ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசிக்கத் தெரிய வேண்டும். "வாரம் மூன்று முறை" என்று எழுதியிருந்தால் இரண்டு முறை வந்த வாரத்துக்குப் பணத்தைக் கழிக்கத் தெரிய வேண்டும். மண்வெட்டி பிடிப்பவரைத் திட்டி வேலை வாங்கிய காலத்துத் திறமை இதற்கு உதவாது.

இரண்டாவது எழுத்து. மேலே போகும் தாள் நன்றாக இல்லாவிட்டால் நல்ல யோசனையும் கூட்டத்தில் செத்துப்போகும். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது.

எண்களைப் படிப்பதும் சேர்ந்துகொண்டது. ஒரே தெருவிலிருந்து ஆறு மாதத்தில் பன்னிரண்டு விளக்குப் புகார் என்றால் பல்பை மாற்றுவதில் பயனில்லை, கேபிளைப் பார்க்க வேண்டும் என்று பதிவேட்டிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம், மக்களோடு உட்கார்ந்து பேசுவது. 2000ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி, கெரியான் ஆகிய நான்கு இடங்களில் உள்ளூர் அஜெண்டா 21 என்ற முன்னோடித் திட்டம் நடந்தது. ஊர் எப்படி வளர வேண்டும் என்பதை மக்களையும் சேர்த்துக்கொண்டு திட்டமிடும் முயற்சி அது. அதற்குப் பிறகு குடியிருப்பாளர் கூட்டம், கருத்துக் கேட்பு எல்லாம் மற்ற இடங்களிலும் பழகிப்போயின. அந்த நாற்காலியில் போய் உட்காருகிறவர் பெரும்பாலும் இடைநிலை அதிகாரிதான். கோபமாக எழுந்து நிற்பவரை முழுதாகப் பேச விட்டு, பிறகு "முடியாது" என்பதைக் காரணத்தோடு சொல்வது படிப்பில் வராது.

அவரால் முடியாதது

இங்கேதான் நம் எதிர்பார்ப்பும் உண்மையும் மோதுகின்றன. இடைநிலை அதிகாரிக்கு இருப்பது ஒப்படைக்கப்பட்ட அதிகாரம்: மேலே உள்ளவர் ஓர் எல்லைவரை தன் சார்பில் முடிவெடுக்கக் கொடுத்த உரிமை. எல்லைக்குள் சிறிய பழுதுபார்ப்பு, நோட்டீஸ், கள ஆய்வு. எல்லைக்கு வெளியே என்றால் விலைப்புள்ளி, டெண்டர், குழுக் கூட்டம், மன்றக் கூட்டம். உங்கள் ரோட்டை நாளைக்கே தார் போட அவரால் முடியாது. தாமானை மேம்பாட்டாளர் இன்னும் மஜ்லிஸிடம் முறைப்படி ஒப்படைக்கவில்லை என்றால், அந்த ரோட்டில் மஜ்லிஸ் பணத்தைப் போடுவதே கணக்காய்வில் கேள்வியாகும். பழைய தோட்டத்து ரோடு தனியார் நிலத்தில் இருந்தாலும் அதே கதை. "பக்கத்துத் தாமானுக்குப் போட்டாங்க, எங்களுக்குப் போடல" என்ற வருத்தத்துக்குப் பின்னால் பல நேரம் இந்த ஒரு தாள்தான் இருக்கிறது.

பொறுப்பு வளர்ந்த அளவுக்கு அதிகாரம் வளரவில்லை. ஏசப்படுவது அவர், கையெழுத்து வேறொருவருடையது. நல்ல அதிகாரிகள் சீக்கிரம் களைத்துப்போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எல்லா அதிகாரியும் நல்லவர் என்று நான் சொல்லவில்லை, எல்லைக்குள் முடிகிற வேலையையும் எல்லையைக் காட்டித் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "இதை நீங்களே முடிக்கலாமா, கூட்டத்துக்குப் போகணுமா? போகணும்னா எந்தக் கூட்டம், எப்போ?" வேலை செய்கிறவரிடம் இதற்குத் தேதியோடு பதில் இருக்கும்.

நீங்கள் புகார் எழுதும்போது

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். "எங்க ஏரியா ரொம்ப மோசம், உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்ற வாட்ஸ்அப் அவருக்கு எந்த உதவியும் செய்யாது. இடம், அதாவது லோரோங் (சந்து) எண்ணும் பக்கத்துக் கடையோ விளக்குக் கம்ப எண்ணோ. எப்போதிலிருந்து. மழையின்போது மட்டுமா, எப்போதுமா. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது. பகலில் எடுத்த இரண்டு படம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. கவுன்சிலருக்கும் ஒய்பிக்கும் அனுப்பலாம், தப்பில்லை. அந்தப் பதிவு எண்ணோடு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது ஆறாவது புகாராக அதே மேசைக்குத்தான் வந்து சேரும்.

அந்தச் சந்து லோங்காங் விஷயத்தில், ரோட்டைத் தாண்டி சிவப்பு மண் இறங்குகிறது என்பதை முதலில் கவனித்தவர் பொறியாளர் அல்லர். தினமும் காலையில் கடை வாசலைக் கழுவும் ஓர் அக்கா. மழை நாளில் வாசலில் தேங்கும் தண்ணீரின் நிறத்தை அவர் சொன்ன பிறகுதான் அந்த அதிகாரி மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.